எடை குறைந்த காற்றடைக்கும் பேடில் போர்டு: பார்த்து வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

காற்றடைத்துப் பயன்படுத்தும் ஸ்டாண்ட் அப் பேடில் போர்டு, அதாவது நின்றபடி துடுப்பு போட்டு ஓட்டும் மிதவைப் பலகை, வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது “எத்தனை கிலோ?” என்றுதான். நியாயமான கேள்வி. வண்டியிலிருந்து இறக்கி, கரை வரை சுமந்து, காற்றடித்து, ஓட்டி முடித்து, மறுபடி சுருட்டிக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சுமை அதிகமாக இருந்தால் சில மாதங்களிலேயே போர்டு பரண் மேல் ஏறிவிடும். ஆனால் அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால், ஏறி நின்றதும் நடுவில் தொய்ந்து காலடியில் நெளிகிற போர்டுதான் கைக்கு வரும். எடையைக் குறைக்க நல்ல வழிகளும் உண்டு, குறுக்கு வழிகளும் உண்டு. எது எந்த வழியில் குறைந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இங்கே பேசுவது ஏரி, அமைதியான ஆறு, உப்பங்கழி, அலை அடங்கிய கரையோரம் போன்ற இடங்களில் பொழுதுபோக்காக ஓட்டுவதைப் பற்றி. பந்தய போர்டுகளும் அலைச்சறுக்கு போர்டுகளும் தனிக் கதை.

எடை எங்கே இருக்கிறது

போர்டின் உள்ளே வெறும் காற்றுப் பை இல்லை. மேலே ஒரு பாலியஸ்டர் துணி, கீழே ஒரு பாலியஸ்டர் துணி, இரண்டையும் ஒரே நீளமுள்ள ஆயிரக்கணக்கான நூல்கள் இணைத்துப் பிடிக்கின்றன. இதைத்தான் டிராப் ஸ்டிட்ச் என்கிறார்கள். அந்த நூல்கள் இல்லையென்றால் காற்றடித்ததும் போர்டு உருண்டையாக உப்பிவிடும். அவை இருப்பதால்தான் தட்டையாக, பலகை போல நிற்கிறது. துணிகளின் வெளிப்புறத்தில் காற்று கசியாதபடி பி.வி.சி. பூச்சு. சுற்றிலும் விளிம்பை மூடும் பி.வி.சி. பட்டைகள். மேலே நிற்பதற்கு ஈ.வி.ஏ. என்ற நுரை மெத்தை. இவற்றோடு கைப்பிடி, டி வடிவ வளையங்கள், ஃபின் பெட்டி (நேராகப் போக உதவும் அடித்தகடான ஃபின்னை மாட்டும் இடம்), வால்வு.

10½ அடி போர்டு ஒன்றை எடுத்துக்கொண்டால், ஒற்றை அடுக்கில் செய்தது பொதுவாக 7 முதல் 8½ கிலோ இருக்கும். தொழிற்சாலையிலேயே சூட்டில் அழுத்தி இரண்டாவது பி.வி.சி. அடுக்கை இணைத்தது 8½ முதல் 10 கிலோ. கையால் பசை தடவி இரண்டாம் அடுக்கை ஒட்டியது 11 கிலோவைத் தாண்டி 13 வரைகூடப் போகும். இந்த மூன்றாவது வகையில் கூடுகிற எடையில் ஒரு பங்கு பசையினுடையது. பசை சமமாகப் பரவாத இடங்களில் வெயில் பட்டதும் கொப்புளம் கிளம்பும். 

ஆகவே எடை நியாயமாகக் குறைவது இப்படி: பசைக்குப் பதில் சூட்டில் இணைத்த அடுக்கு, ஒட்டியதற்குப் பதில் வெல்டு செய்த விளிம்பு, ஆளுக்கு ஏற்ற அளவு. குறுக்கு வழிகள் வேறு: விளிம்பில் ஒரே ஒரு பட்டையோடு நிறுத்துவது, பெரியவர்களுக்கான போர்டை 10 செ.மீ. தடிமனில் செய்வது, 3 மி.மீ.க்கும் மெல்லிய மெத்தை போடுவது, அதிகபட்சமே 10 அல்லது 12 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) தாங்கும் துணியைப் போடுவது. விற்பனைப் பக்கத்தில் இரண்டு போர்டுக்கும் “8 கிலோ” என்றுதான் எழுதியிருக்கும்.

படி 1: உங்கள் எடையிலிருந்து தொடங்குங்கள்

போர்டு என்னைத் தாங்குமா என்ற பயம் பலருக்கு உண்டு. மிதப்பது பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. ஒரு லிட்டர் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு கிலோவை மிதக்க வைக்கும். 320 செ.மீ. நீளம், 81 செ.மீ. அகலம், 15 செ.மீ. தடிமன் உள்ள போர்டின் கொள்ளளவு கிட்டத்தட்ட 300 லிட்டர். அதன் பரப்பு சுமார் 2 சதுர மீட்டர் என்பதால், ஆளும் போர்டும் சேர்ந்து 100 கிலோ இருந்தால் தண்ணீரில் சராசரியாக 5 செ.மீ. மட்டுமே அமிழும். மூழ்குகிற பேச்சே இல்லை.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும்: ஆட்டம், தொய்வு. பெட்டியில் “அதிகபட்சம் 150 கிலோ” என்று போட்டிருப்பது மிதப்பைக் கணக்கில் வைத்துப் போட்டது. அந்த எடையோடு நின்று ஓட்டினால் போர்டு வாழைப்பழம் போல வளையும், வேகமும் போகாது. அந்த எண்ணில் மூன்றில் இரண்டு பங்கை உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். 150 என்றால் 100. அந்த 100-க்குள் நீங்கள், லைஃப் ஜாக்கெட், தண்ணீர் பாட்டில், நீர்புகாப் பை, கூட ஏறும் குழந்தை அல்லது நாய் எல்லாம் அடங்க வேண்டும்.

சுமையோடு சேர்த்து 60 கிலோவுக்குள் இருப்பவருக்கு 10 அடி (305 செ.மீ.) நீளமும் 30 முதல் 31 அங்குல (76–79 செ.மீ.) அகலமும் போதும். 60 முதல் 85 கிலோ வரை 10 அடி 6 அங்குலம், அகலம் 32 அங்குலம் (81 செ.மீ.). 85-க்கு மேல் 105 வரை 11 அடி, அகலம் 32 முதல் 34. அதற்கும் மேலானால் 11 அடி 6 அங்குல நீளம், 34 அங்குல அகலம். இரண்டு அளவுகளுக்கு நடுவில் விழுந்தால், ஏரியில் மெதுவாகச் சுற்றுபவர் சிறியதை எடுக்கலாம். எப்போதும் யாரையாவது ஏற்றிக்கொண்டு போகிறவர் பெரியதை எடுக்க வேண்டும்.

பெரிய போர்டு பத்திரம் என்று நினைத்து 50 கிலோ ஆள் 34 அங்குலம் வாங்குவது அடிக்கடி நடக்கிற தவறு. எடையும் வீணாகக் கூடும், துடுப்பும் எட்டாது. கையை அகலமாக விரித்துப் போட வேண்டியிருப்பதால், ஒவ்வொரு போடலிலும் போர்டு நேரே போகாமல் மறுபக்கம் திரும்பும்.

படி 2: தடிமனில் கை வைக்காதீர்கள்

எடையைக் குறைக்க நினைக்கும் தயாரிப்பாளருக்கு எளிதாகக் கிடைப்பது தடிமன்தான். 15 செ.மீ.யை 12 ஆக்கினால் விளிம்புப் பட்டை குறையும், நூல் குறையும், மடித்தால் கட்டும் சிறிதாகும். 10 ஆக்கினால் இன்னும். ஆனால் விறைப்பு தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே துணி, அதே அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், 15 செ.மீ. போர்டு 10 செ.மீ. போர்டைவிட 2¼ மடங்கு விறைப்பானது. 12 செ.மீ. போர்டில் 15 செ.மீ. போர்டின் விறைப்பில் 64 சதவீதம்தான் இருக்கும்.

தொய்வு எப்படி வருகிறது என்று தெரிந்தால் இது இன்னும் தெளிவாகும். நீங்கள் நடுவில் நிற்கும்போது நடுப்பகுதி கீழே அழுந்த, இரு முனைகளும் மேலே எழப் பார்க்கும். அப்போது மேல் துணி சுருங்கவும் கீழ்த் துணி நீளவும் வேண்டும். உள்ளே இருக்கும் அழுத்தம் மேல் துணியை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் வரை அது சுருங்காது. அந்த இழுவிசை தீர்ந்த கணத்தில் மேலே குறுக்காக ஒரு மடிப்பு விழும், கால் தடக்கென்று இறங்கும். தடிமன் கூடினாலும் அழுத்தம் கூடினாலும் அந்தக் கணம் தள்ளிப்போகும்.

அதனால் 75 கிலோவுக்கு மேல் இருப்பவர் 15 செ.மீ.க்குக் கீழே போக வேண்டாம். 60 கிலோவுக்குள் இருப்பவருக்கு, நல்ல துணியில் செய்து 15 பி.எஸ்.ஐ. தாங்கும் 12 செ.மீ. போர்டு உண்மையிலேயே நல்ல தேர்வு: எடை குறையும், தண்ணீருக்கு 3 செ.மீ. நெருக்கமாக நிற்பதால் ஆட்டமும் குறையும், பக்கக் காற்றும் குறைவாகவே தள்ளும். நடுவில் இருப்பவர்கள் துணியைப் பார்த்து முடிவெடுக்கலாம். 10 செ.மீ. குழந்தைகளுக்கு மட்டும்.

படி 3: துணியையும் விளிம்பையும் பாருங்கள்

டிராப் ஸ்டிட்ச் துணியின் அடிப்படை, பின்னல் துணியாகவும் இருக்கலாம், நெசவுத் துணியாகவும் இருக்கலாம். பனியன் துணியை இழுத்தால் நீள்வது போலப் பின்னலும் கொஞ்சம் இழுபடும்; நெசவு அவ்வளவு இழுபடாது. நூல்கள் நேராக நிற்பதைவிடக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து நின்றால் முறுக்கத்தை நன்றாகத் தாங்கும். நல்ல கடைகளில் போர்டின் வெட்டுத் துண்டு ஒன்றை மாதிரியாக வைத்திருப்பார்கள். கேட்டு வாங்கிப் பாருங்கள். விளம்பரப் படத்தைவிட அது அதிகம் சொல்லும்.

அடுத்தது விளிம்பு. காற்றடைக்கும் போர்டு பெரும்பாலும் பழுதாவது இங்கேதான், நடுவில் அல்ல. மேல் துணியையும் கீழ்த் துணியையும் சுற்றி மூடும் பட்டை ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு இருக்க வேண்டும். பல போர்டுகளில் விளிம்பிலிருந்து மேல்பக்கம் நோக்கி விரலைத் தடவினால் இரண்டு படிகள் தட்டுப்படும். பட்டையின் ஓரம் எங்காவது நகத்துக்குப் பிடி கொடுத்தால், பசை பழுப்பாக வழிந்திருந்தால், மூக்குப் பகுதியின் வளைவில் சுருக்கம் விழுந்திருந்தால் வேறு போர்டைப் பாருங்கள். வெல்டு செய்த விளிம்பு பசை ஒட்டைவிட வெப்பத்தை நன்றாகத் தாங்கும், எடையும் குறைவு. கொஞ்சம் அதிகம் செலவழிக்கலாம் என்றால் போர்டில் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

சில போர்டுகளில் நடுவே நீளவாக்கில் ஒரு கூடுதல் பட்டை ஓடும். மேலும் கீழும் இரண்டு பக்கமும் இருந்தால்தான் அதற்குப் பயன். மேலே மட்டும் அச்சடித்த கோடு அலங்காரம்.

கடையில் காற்றடித்த போர்டு இருந்தால் விறைப்பைச் சோதிக்கலாம். 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு முக்காலிகள் மேல் போர்டை வையுங்கள். அழுத்தம் 15 பி.எஸ்.ஐ. இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நடுவில் ஒருவர் மெதுவாக உட்காரட்டும். தரையிலிருந்து அடிப்பக்கம் வரை உட்காரும் முன்னும் பின்னும் அளந்தால் எவ்வளவு இறங்கியது என்று தெரியும். தனியாக அந்த எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை. அதே ஆள், அதே இடைவெளி, அதே அழுத்தம் வைத்து இரண்டு போர்டுகளை ஒப்பிட்டால், எடை குறைந்த போர்டு எதை விட்டுக்கொடுத்து எடையைக் குறைத்தது என்று தெரிந்துவிடும்.

படி 4: “எத்தனை கிலோ” என்பதைப் பிரித்துக் கேளுங்கள்

எழுதியிருக்கும் எடை போர்டுக்கு மட்டுமா, ஃபின்னோடு சேர்த்தா, முழுக் கட்டுக்குமா? மூன்றுக்கும் நடுவே பல கிலோ வித்தியாசம் வரும். கைப்பம்பு ஒன்றரை முதல் இரண்டரை கிலோ, துடுப்பு 700 கிராம் முதல் 1.1 கிலோ, பை 1 முதல் 2 கிலோ, ஃபின்னும் லீஷும் (ஆளையும் போர்டையும் பிணைக்கும் கயிறு) அரை கிலோவுக்கு மேல். பையில் சக்கரம் இருந்தால் இன்னும் ஒரு கிலோவாவது கூடும், மணலிலும் புல்லிலும் அது உருளாது. 8 கிலோ போர்டு முதுகில் 13 கிலோவாக ஏறுவது இப்படித்தான்.

வீட்டு எடைமெஷினில் கட்டைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்துப் பாருங்கள். முதுகில் சுமக்கும் எடையும் கையில் தூக்கும் எடையும் வேறு வேறு என்பதையும் மறக்க வேண்டாம். கார் நிறுத்தும் இடம் கரையிலேயே இருந்தால் கட்டின் எடை பெரிய விஷயமில்லை. காற்றடித்த போர்டைக் கக்கத்தில் இடுக்கித் தூக்குவதுதான் முக்கியம். அப்போது கைப்பிடி நடுவில் இருப்பதால், 81 செ.மீ. அகலப் போர்டில் கை விளிம்பைச் சுற்றி 40 செ.மீ. எட்ட வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்கு ஒரு கிலோ குறைவதைவிட ஒரு அங்குல அகலம் குறைவது பெரிய நிம்மதி. பேருந்திலோ ரயிலிலோ போகிறவருக்கு எடையோடு கட்டின் நீளமும் அகலமும் முக்கியம்; அவர் மட்டும் மடிப்பு அளவையும் கேட்டு வாங்க வேண்டும்.

படி 5: பம்பை அலட்சியமாக விடாதீர்கள்

எடை குறைந்த போர்டு தேடுகிறவர் பெரும்பாலும் எடை குறைந்த ஆள். அவருக்குத்தான் பம்பு பிரச்சினை அதிகம், அதைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை.

300 லிட்டர் போர்டை ஏறத்தாழ 1 பார் அழுத்தத்துக்கு, அதாவது 15 பி.எஸ்.ஐ.க்குக் கொண்டுவர, வெளிக்காற்று 600 லிட்டர் உள்ளே போக வேண்டும். பம்பு ஒரு போடலுக்கு 2 லிட்டர் தள்ளினால் 300 போடல். எண்ணிக்கை பரவாயில்லை. விசைதான் பிரச்சினை. உருளையின் உள் விட்டம் 10 செ.மீ. என்றால், 15 பி.எஸ்.ஐ.யில் கைப்பிடியை அழுத்த 80 கிலோவுக்கு மேல் விசை வேண்டும். 55 கிலோ ஆள் கைப்பிடி மேல் ஏறி நின்றாலும் இறங்காது. விட்டம் 6 செ.மீ. என்றால் 30 கிலோ விசை போதும். போடல்கள் கூடும், ஆனால் வேலை முடியும். அகலமான பம்பு வேகம் என்று விற்பார்கள். 8 பி.எஸ்.ஐ. வரை உண்மைதான். அதற்கு மேல் அந்த வேகமே எதிரி. பெரும்பாலானவர்கள் 10 பி.எஸ்.ஐ.யில் களைத்து நிறுத்திவிட்டு, போர்டு தொய்கிறது என்று போர்டைக் குறை சொல்கிறார்கள்.

இழுக்கும்போதும் அழுத்தும்போதும் காற்று போகும் இரட்டை வகை பம்பு வாங்குங்கள். அழுத்துவது கடினமானதும், 7 அல்லது 8 பி.எஸ்.ஐ. வாக்கில், அதன் மூடியையோ பொத்தானையோ மாற்றி ஒற்றை வழிக்குக் கொண்டுவாருங்கள். காற்றடிக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, உடல் எடையைக் கைப்பிடி மேல் இறக்குங்கள். அளவுமானி முதலில் பூஜ்யத்திலேயே நிற்கும். 5, 6 பி.எஸ்.ஐ. வந்தபிறகுதான் முள் அசையும், அது பழுது இல்லை.

12 வோல்ட் மின்பம்பு 8 முதல் 12 நிமிடத்தில் வேலையை முடிக்கும். காரின் சாக்கெட்டில் செருகுவதற்கு முன் பம்பு எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று அதன் அடியில் எழுதியிருப்பதையும், சாக்கெட்டின் ஃப்யூஸ் எத்தனை என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பல பம்புகள் 10 ஆம்பியர் அளவில் இழுக்கும், அதே அளவு ஃப்யூஸ் பாதியில் போய்விடும். ஒரு போர்டு முடிந்ததும் பம்பை ஆறவிட வேண்டும். தானாக நிற்கும் வசதி இருந்தாலும் ஓரிரு பி.எஸ்.ஐ. முன்பின் இருக்கலாம்.

வால்வைப் பற்றி ஒன்று. பெரும்பாலான போர்டுகளில் ஹால்கி ராபர்ட்ஸ் வகை வால்வு இருக்கும். நடுவில் இருக்கும் ஊசியை அழுத்திக் கால் சுற்றுச் சுற்றினால் மேலே வரும் அல்லது கீழே பூட்டிக்கொள்ளும். காற்றடிக்கும்போது ஊசி மேலே இருக்க வேண்டும். கீழே பூட்டியிருந்தால், அவ்வளவு நேரம் அடித்த காற்றும் குழாயைக் கழற்றியதும் புஸ்ஸென்று போய்விடும். குழாய் முனையில் உள்ள ரப்பர் வளையம் தொலைந்தால் இணைப்பில் காற்று கசியும். மாற்று வளையம் ஒன்று பையிலேயே இருக்கட்டும்.

படி 6: துடுப்பு, ஃபின், லீஷ்

நிமிடத்துக்கு 35 தடவை துடுப்பு போட்டால் ஒரு மணி நேரத்தில் 2,100 தடவை அதைத் தூக்குகிறீர்கள். போர்டைத் தூக்குவது கரைக்குப் போகும்போதும் வரும்போதும் மட்டும். எனவே போர்டில் ஒரு கிலோ குறைக்கச் செலவழிப்பதைவிட, துடுப்பில் 300 கிராம் குறைக்கச் செலவழிப்பது தோளுக்கு நல்லது. கூடவே வரும் அலுமினியத் துடுப்பு ஒரு கிலோவைத் தொடும் அல்லது தாண்டும், ஃபைபர்கிளாஸ் 800 கிராம் அளவில், கார்பன் 600 முதல் 700. ஃபைபர்கிளாஸ் தண்டும் நைலான் இலையும் பெரும்பாலானவர்களுக்குப் போதும். உயரத்தோடு 20 முதல் 25 செ.மீ. கூட்டினால் துடுப்பின் நீளம். துடுப்பு இலையின் சாய்வு உங்களை நோக்கி அல்ல, முன்பக்கம் நோக்கி இருக்க வேண்டும். பார்ப்பதற்குத் தலைகீழாகப் பிடித்தது போலத் தோன்றும், ஆனால் அதுதான் சரி. மூன்று துண்டுத் துடுப்பின் இணைப்பில் மணல் புகுந்தால் கழற்றவே முடியாமல் இறுகிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

ஃபின் விஷயத்தில், நடுவில் 23 செ.மீ. அளவில் கழற்றக்கூடிய ஒரு ஃபின் இருந்தால் நேராகப் போகும். உங்கள் நீர்நிலை முழங்கால் ஆழமும் களைச்செடியும் உள்ளது என்றால் 10 முதல் 12 செ.மீ. குட்டை ஃபின் ஒன்று தனியாக வாங்குங்கள். ஃபின் பெட்டி எல்லா நிறுவன ஃபின்களும் பொருந்தும் பொது அளவில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்; தனி வகைப் பெட்டி என்றால் ஃபின் உடைந்த அன்று அலைய வேண்டும். பையில் அழுந்தி வளைந்த பிளாஸ்டிக் ஃபின்னைச் சுடுநீரில் சில நிமிடம் போட்டு நேராகப் பிடித்து ஆறவைத்தால் சரியாகிவிடும்.

லீஷ் இல்லாமல் ஏறக்கூடாது. போர்டு எடை குறைவு என்பதால், நீங்கள் விழுந்த மறுகணம் காற்று அதை நீந்தி எட்ட முடியாத தூரத்துக்குக் கொண்டுபோய்விடும். அமைதியான நீரில் கணுக்காலில் கட்டும் சுருள் லீஷ் சரி. ஓடும் ஆற்றில் கணுக்காலில் கட்டவே கூடாது: மரக்கிளையிலோ தூணிலோ சிக்கினால், நீரோட்டத்தின் இழுப்பில் குனிந்து அவிழ்க்க முடியாது. அங்கே இடுப்பில், ஒரே இழுப்பில் விடுபடும் பெல்ட் வேண்டும். லைஃப் ஜாக்கெட் 50 நியூட்டன் மிதப்பு கொண்டதாக, கை வீச இடம் விட்டதாக இருந்தால், நீச்சல் தெரிந்தவருக்கு இந்த விளையாட்டில் பொருந்தும். நீச்சல் தெரியாதவர் 100 நியூட்டன் எடுக்க வேண்டும். கரையிலிருந்து தண்ணீரை நோக்கி வீசும் காற்று இருக்கும் நாளில் இறங்காதீர்கள். கரையோரம் தண்ணீர் சலனமில்லாமல் தெரியும், ஐம்பது மீட்டர் தள்ளியதும் திரும்பி வர விடாது. காற்று எழுந்துவிட்டால் மண்டியிட்டு ஓட்டுங்கள்.

படி 7: திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் சோதியுங்கள்

போர்டு வந்ததும் தண்ணீருக்கு ஓடாமல் வீட்டிலேயே சோதியுங்கள். முதலில் எடை, நீளம், அகலம், தடிமன் நான்கையும் அளந்து, சொன்னதோடு ஒப்பிடுங்கள். பிறகு பரிந்துரைத்த அழுத்தத்துக்குக் காற்றடித்து, வெப்பம் மாறாத அறையில் 24 மணி நேரம் விடுங்கள். மறுநாள் குழாயை மாட்டியதும் அளவுமானி பூஜ்யம் காட்டும். அது குழாயின் அழுத்தம், போர்டினுடையது அல்ல. முள் ஏறி ஓரிடத்தில் நிலைக்கும் வரை மெதுவாக அடித்தால்தான் போர்டின் உண்மையான அழுத்தம் தெரியும். 1 பி.எஸ்.ஐ. வரை குறைந்திருந்தால் விடலாம். அதற்கு மேல் என்றால் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள், முதலில் வால்வைச் சுற்றி. அங்கே குமிழி வந்தால் கூட வரும் வால்வுச் சாவியால் இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். விளிம்பில் குமிழி வந்தால் ஒட்ட முயலாதீர்கள், உடனே திருப்பி அனுப்புங்கள்.

அடுத்து, முறுக்கு. மூக்குப் பகுதியில் ஒரு நேரான குச்சியையும் வால் பகுதியில் ஒன்றையும் குறுக்காக வைத்து, வால் பக்கமிருந்து குனிந்து ஒரு கண்ணால் பாருங்கள். இரண்டு குச்சிகளின் மேல் ஓரங்களும் இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்து தெரிந்தால் போர்டு முறுகியிருக்கிறது. துடுப்பை எப்படிப் போட்டாலும் ஒரு பக்கமே இழுக்கும். ஃபின் பெட்டி நடுக்கோட்டில் இருக்கிறதா என்பதையும் நூல் பிடித்துப் பாருங்கள். டி வளையங்களை ஒவ்வொன்றாக இழுங்கள். எதன் ஓரமாவது எழும்பினால் அதுவும் திருப்பித் தரக் காரணம்தான்.

படி 8: வெயிலும் சுருட்டலும்

20 டிகிரியில் 15 பி.எஸ்.ஐ. அடித்த போர்டை வெயிலில் போட்டு, உள்ளிருக்கும் காற்று 50 டிகிரிக்கு ஏறினால் அழுத்தம் 18 ஆகும். அதிகபட்சம் 15 என்று போட்டிருக்கும் மெல்லிய போர்டின் விளிம்பு பிரிவது பெரும்பாலும் இப்படித்தான், தண்ணீரில் அல்ல. ஓய்வெடுக்கும்போது போர்டைத் தண்ணீரிலேயே மிதக்க விடுங்கள், இல்லையென்றால் நிழலில் வையுங்கள், இரண்டும் இல்லையென்றால் 3 பி.எஸ்.ஐ. இறக்குங்கள். எதிர்மாறாக, 35 டிகிரி வெப்பத்தில் அடித்துவிட்டு 20 டிகிரி நீரில் இறக்கினால் ஒன்றரை பி.எஸ்.ஐ. போய்விடும். அன்று கொஞ்சம் சேர்த்து அடிப்பதில் தவறில்லை, அதிகபட்ச எல்லைக்குள் இருக்கும் வரை.

காற்றை இறக்கும்போது ஊசியைக் கீழே பூட்டி, வால்வு இல்லாத முனையிலிருந்து சுருட்டிக்கொண்டு வாருங்கள்; காற்று வால்வை நோக்கி வெளியேறும். அதே மடிப்பில் மாதக்கணக்கில் இறுக்கி வைத்தால் மடிப்பு விழுந்த இடத்தில் பூச்சு வெடிக்கும். வீட்டில் தளர்வாகச் சுருட்டி, உலர்ந்த பிறகு வையுங்கள். உப்பு நீரில் ஓட்டினால் வால்வு, ஃபின் பெட்டி இரண்டையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் போர்டை முழுக்கக் கழுவி உலர்த்துவது, களையும் நத்தையும் உங்கள் போர்டில் பயணம் செய்யாமல் தடுக்கும்.

சிறிய துளை விழுந்தால் நீங்களே ஒட்டலாம். காற்றை முழுக்க இறக்கி, ஓட்டையைச் சுற்றி ஆல்கஹாலால் துடைத்து, துளையைவிட எல்லாப் பக்கமும் 3 செ.மீ. பெரிதாக, மூலைகளை வட்டமாக்கி பி.வி.சி. ஒட்டுத்துண்டை வெட்டுங்கள். பி.வி.சி.க்கான பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, 5 நிமிடம் காயவிட்டு, இன்னொரு மெல்லிய பூச்சு. தொட்டால் ஒட்டும், விரலில் வராது என்ற பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தி ஒட்டி, கனமான ஒன்றை மேலே வைத்து 24 மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டுப் பசையைக் கெட்டியாகப் பூசினால் உள்ளே ஈரமாகவே இருந்து, காற்றடித்ததும் ஒட்டுத்துண்டு நகர்ந்துவிடும்.

பழைய போர்டு வாங்குகிறவர்கள் மூன்றை மட்டும் பார்த்தால் போதும்: மடிப்பு விழுந்த இடங்களில் வெடிப்பு, விளிம்பில் பழுப்பேறிய பசை, 24 மணி நேர அழுத்தச் சோதனை. விற்பவர் அந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.